கேட் அடைத்திருக்கும் நேரம்

நீடாமங்கலம் ரயில்வே கேட்
அடைத்தால் இருபது நிமிஷம்.
என்ஜினைக் கழற்றி முன்பக்கம் மாற்றினால்
அதற்கும் மேல்.
பஸ்காரர் திட்டுவார், ஆம்புலன்ஸ் அலறும்,
நான் ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
பையின் ஜிப்பைத் திறப்பேன்.

பன்னிரண்டு படம்.
இறங்கக் கூடாது. ஒரு கால் தரையில்,
ஒரு கால் வண்டியில்.
ஜூம் கிடையாது.
திரையின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்,
எடுத்ததை ராத்திரிதான் பார்க்கலாம்.
முகம் வேண்டாம். முகத்துக்குத்தான்
காசு தருகிறார்கள்,
அது அப்புறம்.

முதல் மூன்று எப்போதும் குப்பை.
கை இன்னும் நேற்றைய மண்டபத்தில் நின்று
மாலையை நேராக்கச் சொல்லும்,
"பச்சைப் புடவை, கொஞ்சம் உள்ளே வாங்க" என்னும்.
நான்காவதில்
வெள்ளரிப் பிஞ்சு விற்பவர்
உப்புப் பொட்டலம் மடிக்கும் விரல்.
ஐந்தாவதில் பஸ் ஜன்னலில் காயும் துண்டு.
ஆறாவதில் ஒன்றுமில்லை,
தார் ரோட்டில் சிந்திய நெல்லின் மேல்
லாரிச் சக்கரம் அச்சடித்த பட்டை.
ஏழுக்கு மேல்தான் கண்
தன் வீட்டுக்கு வந்து
செருப்பைக் கழற்றும்.

"கேட்டில் அவ்வளவு நேரம் நின்று
ரயிலை ஒரு படம் எடுக்கவில்லையா?"
நாத்தனார் கேட்கிறாள்.
பதில் தெரிந்தால் சொல்ல மாட்டேனா.

மாசியில் ஒருநாள், கேட் திறந்து,
கோயில்வெண்ணிப் பக்கம் ஒரு வயலுக்குப் போனேன்.
ஆத்தூர்க்காரர், மாதேஸ்வரன்,
அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்.
பெண் வீட்டுக்கு அனுப்ப ஒரு போட்டோ.
இரவல் சட்டை,
மார்பில் மடிப்புக் கோடு கலையாமல்.
மெஷினைச் சாய்ந்து நின்றார்
மெஷினைவிட விறைப்பாக.
சிரிங்க என்றேன்.
பல் தெரிந்தது.
சிரிப்பு எங்கோ ஆத்தூரிலேயே நின்றுவிட்டது.
நாற்பது படம். நாற்பதும் ஆதார் அட்டை.

வெயில் ஏறுகிறது.
மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை,
வயல்காரர் வரப்பில் நின்று
போனில் மணி பார்க்கிறார், மறுபடி பார்க்கிறார்.
அலுத்துப்போய்க் கேமராவை
அவர் கையில் கொடுத்தேன்.
பன்னிரண்டு எடுங்க. நகரக் கூடாது.
முகம் வேண்டாம்.
எதுக்குங்க என்றார்.
கேட் அடைத்திருக்கிறது என்று
வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீஸ் ஏறிய கட்டைவிரலை
இரவல் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.
சாய்ந்த வைக்கோலை ஒன்று.
கொக்கு நின்ற இடத்தை,
கொக்கு போன பிறகு, ஒன்று.
பெல்ட் தேய்ந்த பக்கத்தை மூன்று, நான்கு, ஐந்து.
எட்டாவதற்கு எதைத் தேடினாரோ,
தலையைச் சாய்த்து
நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு
வெண்ணாறு போகும் பக்கம் பார்த்தார்.

என் போனில் எடுத்தேன்.
ஒன்றே ஒன்று.

பெண் வீட்டில் பிடித்துவிட்டது.
ஒரு கேள்வி மட்டும் வந்ததாம்:
மாப்பிள்ளை எதைப் பார்க்கிறார்?
என்னங்க சொல்றது என்று
என்னிடம் போனில் கேட்டார்.
அவருக்கே ஞாபகம் இல்லை.
நான் கார்டைப் போட்டுப் பார்த்தேன்.
எட்டாவது படம் முழுக்க வெளிச்சம் கொட்டி
வெள்ளையாக இருந்தது.

பன்னிரண்டாவதில் விதியை மீறியிருக்கிறார்.
ஒரு முகம்.
நான்தான், அறுத்த தாளுக்கு நடுவில்.
போனைப் பைக்குள் போட்டாயிற்று,
கையில் எதுவும் இல்லை,
இருந்தும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு
நிற்கிறேன்.

அழிக்கவில்லை.

இன்றைக்கும் கேட் அடைத்திருக்கிறது.
எனக்குப் பின்னால் மணல் லாரி,
அதற்குப் பின்னால் ஒரு கல்யாண வேன்.
முதல் மூன்றை முடித்துவிட்டேன்.